அறுபத்தாறு நாட்கள்

வல்வெட்டித்துறை
18.01.2025

தனுசியாவுக்கு,

நீர் படிப்பிக்கிற முன்பள்ளி விலாசத்துக்குக் கடிதம் வருகிறதே என்று பயப்பட வேண்டாம். ஒருவரும் சாகவில்லை. உம்முடைய போனை ஆரபிதான் ரியூசன் வகுப்புக்கு வைத்திருக்கிறாள். அதில் எதை அனுப்பினாலும் முதலில் அவள் கண்ணில்தான் படும். போதாததற்கு நீர் என் நம்பரை வேறு மறித்து வைத்திருக்கிறீர். ஆனபடியால் முத்திரை ஒட்டி அனுப்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போனில் நான் கத்தியது பிழை. "நீர் ஒரு தாயோ" என்று கேட்டது அதைவிடப் பெரிய பிழை. தம்பி பெண்சாதி என்ற உரிமையில் வாய் நீண்டுவிட்டது. மன்னித்துக்கொள்ளும். ஆனால் என்னை முழுதாகச் சொல்ல விடாமல் நீர் போனை வைத்துவிட்டீர். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், வாசித்துவிட்டுக் கோபப்படும்.

போன சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆரபி தனியாக பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்தாள். உமக்கு ரியூசன் என்று சொல்லியிருக்கிறாள். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன், குடிக்கவில்லை. கதிரையின் நுனியில் இருந்துகொண்டு, பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி சொன்னாள்:

"மாமி, நான் இன்னும் பெரிசாகேல்லை."

எனக்குச் சிரிப்பு வந்தது. "என்ன விசர்க்கதை பிள்ளை இது? சாமத்திய வீடு செய்து ரெண்டு வருசமாகப் போகுது. நான்தானே உனக்குத் தண்ணி வாத்தனான்?"

"வாத்தனீங்கள் மாமி. ஆனா அது பொய்."

பைக்குள்ளிருந்து தன் பிள்ளை வளர்ச்சிப் புத்தகத்தையும் பள்ளிக்கூட மருத்துவ அட்டையையும் எடுத்து மேசையில் வைத்தாள். பதினைந்து வயதும் எட்டு மாதமும் ஆன பிள்ளை, ஒரு வழக்குக்கு வந்த ஆளைப்போல பத்திரங்களோடு வந்திருந்தாள். அதைப் பார்த்ததும் என் சிரிப்பு நின்றுவிட்டது.

அவளுடைய சம்மதத்தோடு பரிசோதித்தேன். உயரம் நூற்று முப்பத்தேழரை சென்ரிமீற்றர். நாங்கள் பருவ வளர்ச்சியை ஐந்து படிகளாகப் பிரித்துப் பார்ப்போம். முதலாவது படி என்றால் இன்னும் தொடங்கவில்லை என்று அர்த்தம். ஆரபி முதலாவது படியில் நிற்கிறாள். பிடரியில் மயிர் தாழ இறங்கியிருக்கிறது, முழங்கை சற்று வெளியே வளைந்திருக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லாதவை இவை. சேர்த்துப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுக்க வேண்டும். எலும்பு முற்றிவிட்டதா, இன்னும் வளர இடம் இருக்கிறதா என்று அதில் தெரியும். இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். இரண்டுக்கும் பெற்றோர் கையெழுத்து வேண்டும். தம்பி கோபிசங்கர் கட்டாரில் இருக்கிறான், ஆகவே நீர்தான் வரவேண்டும். எலும்பு மூடிவிட்டால் பிறகு எந்த மருந்தாலும் அதைத் திறக்க முடியாது. என்னோடு கோபம் என்றால் இருக்கட்டும், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாரும்.

மீனாம்பிகை


கொக்குவில்
24.01.2025

மச்சாள்,

கடிதம் கிடைத்தது. பிள்ளைகள் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த நேரம் தபால்காரர் கொண்டுவந்து தந்தார். பக்கத்து வகுப்பு ரீச்சர் "என்ன தனுசியா, கோட்டுக் கடிதமோ?" என்று பகிடி விட்டா. மலசலகூடத்துக்குள் போய் நின்றுதான் வாசித்தேன்.

ஓம், பொய்தான் சொன்னேன். இனி அதை மறைத்து என்ன?

ஆனால் ஒன்று கேட்கிறேன். நீங்கள் டொக்டர். நீலப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு முதல் ஆளாக வந்து, என் பிள்ளையின் தலையில் பாலும் அறுகும் வைத்துத் தண்ணி வார்த்தது நீங்கள். ஈரத் துணியோடு நடுங்கிக்கொண்டு நின்ற பிள்ளையை ஒரு சாண் தூரத்தில் நின்று பார்த்தீர்கள். உங்களுக்கே தெரியவில்லை. எனக்கு என்ன தெரியும்? போன வருசம் அவளுடைய பள்ளிக்கூடத்துக்குப் பரிசோதனைக்கு வந்ததும் நீங்கள்தானே? அட்டையில் "சாதாரணம்" என்று உங்கள் கையால் எழுதியிருக்கிறது. அதை எத்தனை தரம் எடுத்துப் பார்த்து நிம்மதியாகப் படுத்திருப்பேன் தெரியுமா? டொக்டரே எழுதிவிட்டா, இனி வரும், கட்டாயம் வரும் என்று.

ஏன் செய்தேன் என்று நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். எங்கள் சிவரூபன் அண்ணை கனடாவிலிருந்து குடும்பத்தோடு வந்தது அண்ணையின் மகளுக்கு இங்கே சாமத்தியச் சடங்கு செய்யத்தான். வந்த இரண்டாம் நாள் விறாந்தை நிறையச் சனம். ஆரபி பலகாரத் தட்டோடு நிற்கிறாள். கஜானி அண்ணி எல்லோருக்கும் கேட்கக் கேட்டா: "உவள் இன்னும் ஆகேல்லையே? என்ரை மகளுக்குப் பன்னிரண்டுதானே! டொக்டரிட்டைக் காட்டினனீரோ?" என் பிள்ளை தட்டோடு அப்படியே நின்றாள். அவளுடைய முகத்தைப் பார்த்திருந்தால் நீங்களும் ஏதாவது சொல்லியிருப்பீர்கள். "போன கிழமைதான் ஆனவள், உங்களுக்குச் சொல்லத்தான் இருந்தனான்" என்று என் வாயில் வந்துவிட்டது.

அண்ணை எழும்பிக் கையைத் தட்டினார். "ரெண்டு பிள்ளையளுக்கும் ஒரே மண்டபத்திலை செய்வம் தங்கச்சி. இனி நான் எப்ப வருவனோ!" பிறகு எப்படி வாபஸ் வாங்குவது? இண்டைக்கோ நாளைக்கோ ஆகத்தானே போறாள், ஒரு மாதம் முந்திச் செய்தால் என்ன குறைந்துவிடும் என்று நினைத்தேன். இவருக்கும் சொல்லவில்லை.

எனக்கு எப்போது வந்தது தெரியுமா உங்களுக்கு? பதினாறரை வயதில். இடம்பெயர்ந்து வன்னியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தோம். ஒருநேரச் சாப்பாடு. அம்மா மாவுக்கு வரிசையில் நிற்க, பேர் தெரியாத ஒரு மனிசி கிடுகு மறைப்புக்குள் வைத்து இரண்டு வாளி தண்ணி ஊற்றிவிட்டது. சேலையும் இல்லை, ஆலாத்தியும் இல்லை, ஒரு படமும் இல்லை. என் பிள்ளைக்காவது வடிவாகச் செய்ய வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன். ஆசைப்பட்டது குற்றம் என்றால் நான் குற்றவாளிதான்.

எனக்கும் பிந்தித்தான் வந்தது. ஆனால் வந்தது. அவளுக்கும் வரும். ஊசி, படம், கொழும்பு என்று பிள்ளையை இழுத்து ஊரெல்லாம் தெரியப்பண்ணாதேங்கோ. பெத்தால்தான் தெரியும் மச்சாள் அந்த நோவு. நான் கையெழுத்து வைக்க மாட்டேன்.

தனுசியா


வல்வெட்டித்துறை
29.01.2025

தனுசியாவுக்கு,

நீர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் நான் வேறு எதையும் எழுதக்கூடாது.

போன ஆவணி மாதம் அவளுடைய வகுப்பில் நாற்பத்தொரு பிள்ளைகளைப் பார்த்தேன். அப்போது நான் அந்தப் பக்கச் சுகாதாரப் பணிமனையில்தான் இருந்தேன். ஒவ்வொரு பிள்ளையையும் மறைப்புக்குப் பின்னால் கூப்பிட்டு, தாதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு மூன்று கேள்வி கேட்பேன். ஆரபியின் முறை வந்தபோது அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். மாமிக்கு முன்னால் வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன். நான் தண்ணி வார்த்த பிள்ளையிடம் என்னத்தைக் கேட்பது? அவள் எழுதிக் கொடுத்த தாளை மட்டும் வாங்கிப் பார்த்தேன். மாதவிடாய்த் திகதி என்ற இடத்தில் கடைசி மூன்று திகதிகள் இருந்தன. இருபத்தெட்டு நாள், இருபத்தெட்டு நாள். ஒரு நாள் பிசகவில்லை.

தனுசியா, இருபத்திரண்டு வருடமாக இந்த வேலை செய்கிறேன். வயதுக்கு வந்து முதல் இரண்டு வருடம் அநேகமாக எந்தப் பிள்ளைக்கும் அப்படி மணிக்கூடு மாதிரி வராது. ஒரு மாதம் முந்தும், இரண்டு மாதம் வராது, பிறகு திடீரென்று வரும். அதுதான் இயல்பு. பிசகே இல்லாத தாளைக் கண்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். அவளைச் சுவரோடு நிறுத்தி உயரத்தையாவது நானே அளந்திருக்க வேண்டும். "சாதாரணம்" என்று எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டேன். வேறு எந்தப் பிள்ளை என்றாலும் இப்படிச் செய்திருக்க மாட்டேன். என் தம்பியின் பிள்ளை என்றபடியால்தான் செய்தேன்.

இனி உம்முடைய மற்றக் கதை. உமக்குப் பிந்தி வந்ததை நான் இன்றைக்குத்தான் அறிகிறேன். எந்தப் பிள்ளையைப் பார்த்தாலும் தாயிடம் முதலில் கேட்கும் கேள்வி "உமக்கு எத்தனை வயதில்?" என்பதுதான். தாய்க்குப் பிந்தினால் மகளுக்கும் பிந்தலாம், அது நோயில்லை. இத்தனை வருடம் உம்முடைய வீட்டில் கை நனைத்திருக்கிறேன், உம்மிடம் அதை நான் கேட்டதே இல்லை. வன்னியில் நீர் பட்டதும் எனக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் நான் கொழும்பில் படித்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் உமக்குப் பிந்தியது பசியால். ஆரபி பசியிருந்த பிள்ளை இல்லை. பருவம் ஒரு ஒழுங்கில் வரும். முதலில் மார்பு அரும்பும், பிறகு பிள்ளை விறுவிறென்று உயரும், அரும்பியதிலிருந்து இரண்டு இரண்டரை வருடத்தில் மாதவிடாய் வரும். மற்றது வராமல் கடைசியில் வரவேண்டியது மட்டும் "நாளைக்கு" வராது. பதின்மூன்று வயதில் ஒரு அரும்பும் இல்லையென்றால் அன்றைக்கே பார்க்க வேண்டும். நீர் மண்டபம் பதிந்தபோது அவளுக்குப் பதினான்கு நடந்துகொண்டிருந்தது.

அவளுடைய புத்தகத்திலும் அட்டையிலும் இருந்த உயரங்களை வரைபடத்தில் குறித்துக் கோடு கீறினேன். கட்டையாக இருப்பது பிழையில்லை. கீழ்க்கோட்டில் தொடங்கிய பிள்ளை கீழ்க்கோட்டோடேயே போனால் ஒரு பயமும் இல்லை. ஆரபி முதலாம் வகுப்பில் கீழ்க்கோட்டில் நின்றாள். நாலாம் வகுப்பில் அதற்குக் கீழே. ஏழாம் வகுப்பில் இன்னும் கீழே, போன வருடம் தாதி அளந்ததில் அதற்கும் கீழே. வந்த டொக்டர்மார் எல்லோரும் அன்றைய உயரத்தை எழுதிவிட்டுப் போயிருக்கிறோம். நாலு புள்ளியையும் சேர்த்து ஒரு கோடு கீற ஒருவருக்கும் நேரம் இருக்கவில்லை.

என்னிடம் காட்ட வேண்டாம். யாழ்ப்பாணத்தில் பிள்ளைகளுக்கான ஓமோன் சிகிச்சை பார்க்கும் ஒரு டொக்டர் இருக்கிறா, பெண்தான். பேரையும் நாளையும் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். நான் அந்தப் பக்கம் வரமாட்டேன். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போம். கெஞ்சிக் கேட்கிறேன்.

மீனாம்பிகை


கொக்குவில்
16.02.2025

மச்சாள்,

போனோம். கையெழுத்து வைத்தேன்.

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு மூன்று நாள் அரிசிப் பானைக்குள் வைத்திருந்தேன். நாலாம் நாள் எடுத்துத் திரும்ப வாசித்தேன். உங்கள் பிழையையும் எழுதியிருந்தீர்கள். அதை எழுதியிராவிட்டால் நான் போயிருக்க மாட்டேன்.

அந்த டொக்டர் சின்னப் பெட்டை, முப்பத்தைந்து இருக்கும். ஆரபியின் இடது கையைத் தட்டில் விரித்து வைக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். பிறகு ஒரு பெரிய புத்தகத்தைத் திறந்தா. பக்கத்துக்குப் பக்கம் கைகள்தான், ஒவ்வொரு வயதுக்கும் ஒரு கை. ஆரபியின் படத்தை ஒவ்வொன்றோடும் ஒத்துப் பார்த்துக்கொண்டு வந்து, ஒரு பக்கத்தில் நிறுத்தினா. "எலும்புக்குப் பன்னிரண்டரை வயசு. முழுக்க மூடேல்லை, கொஞ்சம் இடமிருக்கு" என்றா. அந்தக் கொஞ்சத்தைக் கேட்டு நான் அழுதுவிட்டேன்.

பிறகு என்னைப் பார்த்து "அம்மா கொஞ்சநேரம் வெளியிலை இருங்கோ, பிள்ளையோடை கதைக்கோணும்" என்றா. எனக்குச் சுருக்கென்றது. நான் இல்லாமல் என் பிள்ளையோடு என்ன கதை? வெளியே வாங்கில் குந்தியிருந்தேன். அரை மணித்தியாலம். உள்ளே கூப்பிட்டபோது ஆரபியின் கையில் ஒரு சின்னக் கொப்பி இருந்தது.

அதை நான் முன்பு கண்டதில்லை. மச்சாள், இதை உங்களுக்குச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பொய்யைச் சொன்னால் மட்டும் போதாது, அதைக் காப்பாற்றவும் வேண்டுமே. முருகேசு வீட்டு அன்ரி மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று எங்கள் கொடியில் காயும் உடுப்பைக்கூட எண்ணுகிற மனிசி. அதனால் மாதம் மூன்று நாள் ஆரபிக்குத் துடக்கு என்று வைத்தேன். சாமி அறைக்குள் போகாதே, வெள்ளிக்கிழமை நல்லூருக்கு வராதே, மூலை அறையில் பாயைப் போட்டுப் படு என்று. திகதியையும் நான்தான் கலண்டரில் பார்த்துச் சொல்வேன். அவள் ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை. "சரியம்மா" என்று போய்விடுவாள்.

அந்தத் திகதிகளை எல்லாம் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறாள். இருபத்திரண்டு முறை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எதைத் தவறவிட்டாள் என்று ஒரு வரி. "பள்ளிக்கூடச் சரஸ்வதி பூசை, தேவாரம் வேறை பிள்ளை பாடினது." "நல்லூர்த் தேர்." தேரன்றைக்கு நான் அவளை வீட்டில் பூட்டிவிட்டுப் போனேன் மச்சாள். திரும்பி வந்து தேரின் வடிவைப் பற்றி அவளுக்கே கதை சொன்னேன்.

"மொத்தம் அறுபத்தாறு நாள் அம்மா" என்றாள் டொக்டருக்கு முன்னால். அழவில்லை. கணக்குப் பாடத்துக்கு விடை சொல்வது போலச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் சாமத்திய வீட்டு அல்பத்தை அலுமாரியின் அடியில் வைத்துவிட்டேன். இரத்தம் கொழும்புக்குப் போயிருக்கிறது, ஆறு கிழமை ஆகுமாம். நீங்களும் டொக்டர் என்றபடியால் முடிவு உங்களுக்குத்தான் முதலில் தெரியவரும். எனக்கு மட்டும் எழுதுங்கோ. அவளுக்குச் சொல்லாதேங்கோ.

தனுசியா


வல்வெட்டித்துறை
30.03.2025

தனுசியா,

முடிவு வந்துவிட்டது. இருந்துகொண்டு வாசியும்.

எல்லோருக்கும் உடம்பில் நாற்பத்தாறு நிறமூர்த்தம், அதாவது குரோமோசோம், இருக்கும். ஆரபிக்கு நாற்பத்தைந்து. பெண்ணுக்கு இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் அவளுக்கு ஒன்றுதான் இருக்கிறது. கருவில் உருவாகும்போதே நடந்தது. நீர் சாப்பிட்டதாலும் இல்லை, தூக்கியதாலும் இல்லை, எந்தக் கிரகத்தாலும் இல்லை. கோபிசங்கர் குடும்பத்திலும் இல்லை, உம்முடைய குடும்பத்திலும் இல்லை. இரண்டாயிரம் பெண்பிள்ளைகளில் ஒரு பிள்ளைக்கு இப்படி வரும்.

அவளுடைய சூலகம், கருமுட்டை உருவாகும் இடம், வேலை செய்யவில்லை. தானாகப் பருவம் வராது. குளிசையால் வரப்பண்ணலாம். மிகக் குறைந்த அளவில் தொடங்கி, மெல்ல மெல்லக் கூட்டி, இயற்கை இரண்டு மூன்று வருடத்தில் செய்வதை நாங்கள் செய்யப் பார்ப்போம். உயரத்துக்கு ஊசி இருக்கிறது. பத்து வயதில் தொடங்கியிருந்தால் என்னளவுக்காவது வந்திருப்பாள். இப்போது இரண்டு மூன்று சென்ரிமீற்றர் கிடைத்தால் பெரிய காரியம். இடையில் ஒருநாள் கூப்பிட்டு இதயத்தையும் ஸ்கான் செய்தார்கள் அல்லவா, ஒரு வால்வில் மூன்று இதழ் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு இருக்கிறது. இப்போதைக்கு ஒன்றும் செய்யத் தேவையில்லை. ஆனால் வருடாவருடம் காட்ட வேண்டும், ஆயுள் முழுக்க.

அடுத்ததை எப்படி எழுதுவதென்று தெரியாமல் மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். அவளுக்குத் தன் வயிற்றில் இயல்பாகப் பிள்ளை தங்காது.

"பெத்தால்தான் தெரியும்" என்று தை மாதம் எனக்கு எழுதியிருந்தீர். அப்போது எனக்கு நொந்தது. எங்களுக்குப் பிள்ளையில்லை என்பதை நீர் எடுத்துக் காட்டத்தான் எழுதினீர் என்று நினைத்தேன். இப்போது என் நோவைப் பற்றி ஒன்றும் இல்லை. அந்த வசனத்தை ஆரபி உம்முடைய வாயிலிருந்து ஒருநாளும் கேட்கக்கூடாது. அவ்வளவுதான்.

அவளுக்குச் சொல்லாதேங்கோ என்கிறீர். அடுத்த மாதம் பதினாறு வயதாகிறது. ஒவ்வொரு நாளும் குளிசை போடப் போகிறவள் அவள். எதற்கென்று தெரியாமல் போட வைப்பது இன்னொரு துடக்கு மாதிரித்தான். ஆனால் நான் சொல்ல மாட்டேன். அதை அவள் கேட்க வேண்டியது உம்மிடமிருந்து. நீர் சொல்லும்வரை நான் காத்திருக்கிறேன்.

மீனாம்பிகை


கொக்குவில்
12.04.2025

மச்சாள்,

சொல்வதில்லை என்றுதான் முடிவெடுத்திருந்தேன். உங்கள் கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன். "குளிசை உயரத்துக்கு, வேறொண்டுமில்லை" என்று சொல்ல வசனம்கூட ஆயத்தப்படுத்தி வைத்திருந்தேன். இவர் கட்டாரிலிருந்து போன் எடுத்து, முதல்முறையாக எல்லாவற்றையும் கேட்டார். பிறகு "இனிமேல் பொய் சொல்லாதையும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் குசினியில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். ஆரபி வந்து வாசலில் நின்றாள்.

"அம்மா, எனக்குப் பிள்ளை பிறக்காது, என்ன?"

"ஆர் உனக்குச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. டொக்டர் எழுதின வருத்தத்தின்ரை பேரைப் பாத்தனான். அதைத் தேடி வாசிச்சனான். மாமியிட்டைப் போகமுதலே கொஞ்சம் வாசிச்சனான்."

வாய் வரைக்கும் வந்துவிட்டது மச்சாள். "உது சும்மா, இன்ரநெற்றிலை கண்டபடி எழுதுவாங்கள், குளிசை குடிச்சா எல்லாம் சரிவரும்" என்று. அன்றைக்கு விறாந்தையில் வந்தது போலவே, யோசிக்காமலே வருகிறது. என் பிள்ளையின் முகம் நோகக்கூடாது என்றால் எனக்குப் பொய்தான் முதலில் வருகிறது. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பொய் சொல்லப் போகிறேன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"ஓம்" என்றேன்.

அவள் "சரி" என்றாள். வந்து என் கையிலிருந்து கத்தியை வாங்கி மிச்சக் கத்தரிக்காயை வெட்டினாள். நன்றாகவே வெட்டினாள். நான்தான் நிலத்தில் இருந்துவிட்டேன்.

அன்றிலிருந்து என்னோடு கதைக்கிறாள் இல்லை. கூப்பிட்டால் வருகிறாள், சாப்பிடுகிறாள், படிக்கிறாள், கதை மட்டும் இல்லை. அடித்தாலாவது, கத்தினாலாவது எனக்கு ஆறுதலாக இருக்கும். நீங்கள் எழுதினீர்கள், அது அவள் என்னிடமிருந்து கேட்க வேண்டியது என்று. கேட்டுவிட்டாள். இனி நான் என்ன செய்ய?

தனுசியா


வல்வெட்டித்துறை
02.05.2025

தனுசியா,

ஒன்றும் செய்யாதையும். அவள் கதைக்கும்வரை பக்கத்தில் இரும்.

என் சங்கதி ஒன்றையும் சொல்கிறேன். போன வருடம் நான் பார்த்த வகுப்புகளை எல்லாம் மறுபடி பார்க்க வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்தேன். ஏன் என்று கேட்டார்கள். ஒரு பிள்ளையைப் பார்க்காமலே சாதாரணம் என்று எழுதிவிட்டேன், அந்தப் பிள்ளைக்கு அதனால் காலம் போய்விட்டது என்று எழுதினேன். ஒரு பழைய நண்பர் போன் எடுத்து "உதையெல்லாம் ஏன் மீனாம்பிகை எழுத்திலை குடுக்கிறீர்?" என்றார். விசாரணை வரும் என்கிறார்கள். வரட்டும். போன கிழமை முதல் வகுப்பைப் பார்த்தேன். ஒவ்வொரு பிள்ளையையும் நானே அளந்தேன், ஒவ்வொரு பிள்ளைக்கும் கோடு கீறினேன். பின்னேரம் மூன்றரை மணியாகிவிட்டது. தாதிக்கு என்னோடு சரியான கோபம்.

குளிசை தொடங்கியாயிற்றாம் என்று ஆரபி எனக்கு எழுதியிருந்தாள். காலை, சாப்பாட்டுக்குப் பிறகு, மறக்காமல். மாதவிடாய் வர ஒரு வருடமோ ஒன்றேகாலோ போகும்.

அவளுக்கு நான் அன்றைக்கு வார்த்த தண்ணியை நினைத்தால் எனக்கு நித்திரை வருவதில்லை. குளிரில் அவளுடைய பல் அடித்தது. என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஏதோ சொல்ல வருகிறாள் என்று எனக்குத் தெரிந்தது தனுசியா. படம் எடுக்கிற ஆள் "அன்ரி, கொஞ்சம் சிரியுங்கோ" என்றான், நான் அவன் பக்கம் திரும்பிச் சிரித்தேன்.

மீனாம்பிகை


கொக்குவில்
04.07.2026

அன்புள்ள மச்சாள்,

இப்போது போனில் நாங்கள் ஒவ்வொரு கிழமையும்தான் கதைக்கிறோம். இதையும் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் இதோடு ஒரு பொருள் அனுப்ப வேண்டியிருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

நேற்று வெள்ளிக்கிழமை. காலையில் நான் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தேன். ஆரபி கிணற்றடிப் பக்கமாக வந்து நின்றாள். "அம்மா, வந்திட்டுது."

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் விளக்குமாற்றைப் போட்டுவிட்டேன். என் கால் தன்பாட்டில் மூலை அறைக்குப் பாய் எடுக்கப் போனது மச்சாள், பழக்கம். பாதியில் நின்றேன். அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மாமிக்குப் போன் எடுக்கட்டே? வந்து ரெண்டு வாளி தண்ணி வாக்கட்டும். ஒருத்தருக்கும் சொல்லத் தேவையில்லை, நாங்கள் மூண்டு பேரும் மட்டும்" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிச்சை கேட்கிற மாதிரி இருந்தது.

"தண்ணி வேண்டாம் அம்மா. அது முடிஞ்சுது" என்றாள். பிறகு, "இது குளிசையாலை வந்தது. எனக்குத் தெரியும். ஆனா பொய்யில்லை" என்றாள்.

தானே தலையில் வார்த்துக் குளித்தாள். நான் கிணற்றடிக்குப் போகவில்லை. பச்சைப் பாவாடை சட்டை போட்டுக்கொண்டு வந்து, அந்தச் சின்னக் கொப்பியை எடுத்து, கடைசித் தாளில் நேற்றைய திகதியை எழுதினாள். எனக்குக் காட்டினாள். அந்தத் திகதியை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. பிறகு சைக்கிளை உருட்டினாள்.

"எங்கை பிள்ளை?"

"நல்லூருக்கு."

"இண்டைக்கோ?"

வாயில் வந்துவிட்டது. என்னால் அதைத் தடுக்க முடியவில்லை. அவள் சைக்கிளில் ஒரு கால் வைத்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பதினேழு வயது, நூற்று நாற்பது சென்ரிமீற்றர். சீற்றை ஆகத் தாழ்த்தி வைத்தும் பெருவிரல்தான் நிலத்தில் முட்டுகிறது.

"அறுபத்தாறு நாள் சும்மா நிண்டனான் அம்மா. இண்டைக்குப் போறன்."

நான் கேற்றைத் திறந்துவிட்டேன். மதிலுக்கு அந்தப் பக்கம் முருகேசு வீட்டு அன்ரி பூப் பறித்துக்கொண்டு நின்றா. "தலை முழுகிப்போட்டு எங்கை போறாள் ஆரபி?" என்று கேட்டா. "கோயிலுக்கு" என்றேன். அதுக்குமேல் அவ கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை.

பத்தரைக்குத் திரும்பி வந்தாள். நெற்றி நிறையத் திருநீறு. வழியெல்லாம் வெயில், முகம் சிவந்திருந்தது. "என்ன கேட்டுக் கும்பிட்டனீ?" என்று கேட்டேன். "ஒண்டும் கேக்கேல்லை. வந்திட்டன் எண்டு சொன்னனான்."

கையில் கடதாசிச் சரை ஒன்று இருந்தது. அதைப் பிரித்து என் முன்னால் நீட்டினாள். மச்சாள், துடக்கோடு கோயிலுக்குப் போய், அந்தக் கையாலேயே திருநீறு தருகிறாள் என்று ஒரு கணம் எனக்குள் ஓடியது. மறைக்க மாட்டேன், ஓடியது. அவளுடைய கை நீட்டியபடியே நின்றது. நான் குனிந்தேன். அவள்தான் பூசிவிட்டாள். ஒன்றேகால் வருடத்துக்குப் பிறகு அவளாக என்னைத் தொட்டது அப்போதுதான். அழுதேன். அவளும் அழுதாள். நான் கட்டிப்பிடிக்கப் போக, "சரி அம்மா, காணும் விடுங்கோ" என்று உள்ளே போய்விட்டாள்.

மிச்சத்தைத் திரும்ப மடித்து, "இது மாமிக்கு" என்று மேசையில் வைத்தாள். கடிதத்தோடு வைத்திருக்கிறேன். பார்த்துப் பிரியுங்கோ, கொட்டிவிடும்.

உங்கள் மச்சாள்
தனுசியா